ஹெக்ஸ் ஆட்டத்தை எப்படி ஆடுவது? எதிராளியின் காயை ஒட்டியே மறித்தும் ஏன் தோற்கிறேன்?

விதிகளைக் கேட்டிருக்கிறீர்கள், ஒட்டி மறித்தும் தோற்பதன் காரணத்தையும் கேட்டிருக்கிறீர்கள். விதிகளுக்கு ஒரு பத்தி போதும்.

பலகை என்பது தேன்கூட்டைப் போல அறுகோணக் கட்டங்கள் அடுக்கிய சாய்சதுரம். பக்கத்துக்கு 11 வீதம் மொத்தம் 121 கட்டங்கள். எதிரெதிரான இரண்டு விளிம்புகள் சிவப்புக்கும் மற்ற இரண்டு நீலத்துக்கும் உரியவை; மூலைக் கட்டங்கள் இருவருக்கும் பொது. முறைக்கு ஒரு காயாக, காலியாக உள்ள எந்தக் கட்டத்திலும் வைக்கலாம். வைத்த காய் நகர்வதுமில்லை, வெட்டுப்படுவதுமில்லை. தன் இரண்டு விளிம்புகளையும் அறுபடாத தொடரால் முதலில் இணைப்பவரே வென்றவர். அச்சிட்ட தாளும் இரண்டு நிறப் பென்சில்களும் இருந்தாலே ஆடிவிடலாம். டென்மார்க்கைச் சேர்ந்த பீட் ஹைன் 1942இல் உருவாக்கிய இந்த ஆட்டத்தை, கணித அறிஞர் ஜான் நாஷ் சில ஆண்டுகளுக்குப் பிறகு பிரின்ஸ்டனில் தாமாகவே கண்டடைந்தார்.

இதில் சமநிலை என்பதே கிடையாது. சதுரக் கட்டங்களில் நான்கு கட்டங்கள் ஒரு புள்ளியில் கூடுவதால் இருவர் பாதையும் அங்கே முட்டி நின்றுவிட முடியும். அறுகோணத்தில் ஒரு புள்ளியில் மூன்று கட்டங்களே கூடுகின்றன என்பதால், சிவப்பின் வழி முற்றிலும் அடைபட்டிருந்தால் அதை அடைத்தது நீலத்தின் முழுத் தொடராகத்தான் இருக்கும். ஆகவே மறிப்பதும் இணைப்பதும் இங்கே ஒரே வேலை. இதை உணராமல் மறிப்பதைத் தனி வேலையாக எண்ணித்தான் நானும் தொடக்கத்தில் பல மாதங்கள் தோற்றேன்.

முன்னேறும் காய்க்கு நேர் எதிரே ஒட்டி வைத்தால், அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு கட்டங்களில் ஒன்றைத்தான் அடைக்கிறீர்கள். எதிராளி மற்றொன்றில் வைக்கிறார்; மீண்டும் ஒட்டி மறிக்கிறீர்கள், மீண்டும் விலகி இறங்குகிறார். விளிம்பை அவர் தொடும் வரை அவர் பின்னாலேயே ஓடுவீர்கள். அதற்குப் பதிலாக, அவர் போக நினைக்கும் விளிம்பின் பக்கமாகச் சில கட்டங்கள் தள்ளி, அவர் இடப்புறம் திரும்பினாலும் வலப்புறம் திரும்பினாலும் பதில் சொல்லக்கூடிய இடத்தில் வையுங்கள். அந்தக் காய் உங்கள் சொந்தத் தொடருக்கும் உதவ வேண்டும்.

தள்ளி வைப்பதற்குத் துணிவு தருவது ‘பாலம்’ என்னும் அமைப்பு. ஒட்டாமல் இருக்கும் உங்கள் இரண்டு காய்களுக்கு நடுவே இரண்டு பொதுக் கட்டங்கள் காலியாக இருந்தால், எதிராளி ஒன்றில் நுழையும்போது நீங்கள் மற்றொன்றை நிரப்பி இணைத்துவிடலாம். விளிம்பிலிருந்து இரண்டாவது வரிசையில் உள்ள காயும், அதன் கீழே இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தால், இதே முறையில் விளிம்போடு இணைந்ததாகவே கொள்ளலாம். ஆனால் இரண்டு பாலங்கள் ஒரே காலிக் கட்டத்தைப் பங்கிட்டிருந்தால், எதிராளியின் ஒரு காய் இரண்டையும் ஒருசேர மிரட்டும். உங்களால் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். நான் பார்த்தவரையில், ஓரளவு பழகியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கடைசியாக, முதல் காயைப் பற்றி. முதலில் ஆடுபவருக்கு வெல்லும் வழி உண்டு என்று நாஷ் நிறுவினார். இரண்டாமவருக்கு அப்படியொரு வழி இருந்தால், முதலாமவர் எங்காவது ஒரு காயை வைத்துவிட்டு அதே வழியைத் தாமே பின்பற்றலாம். கூடுதலான காய் ஒருபோதும் கெடுதல் செய்யாது. ஆகவே இரண்டாமவருக்கு அப்படியொரு வழி இருக்க முடியாது; சமநிலையும் இல்லை என்பதால் அது முதலாமவருக்கே உரியது. வழி உண்டு என்பதை மட்டுமே இந்த நிறுவல் சொல்கிறது, அது எது என்று காட்டுவதில்லை. எனினும் நடுக்கட்டத்தில் தொடங்குவது நடைமுறையில் மிகுந்த பலம் என்பதால், முதல் காய் வைத்ததும் இரண்டாமவர் விரும்பினால் அந்தக் காயையும் நிறத்தையும் தமதாக்கிக்கொள்ளலாம் என்ற விதியைச் சேர்த்தே ஆடுங்கள். ஒருவர் மிட்டாயை உடைக்க மற்றவர் பங்கைத் தேர்ந்தெடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. அப்போது முதல் காயை நடுவில் வைக்காமல், எடுத்துக்கொண்டாலும் விட்டுவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று எதிராளி தயங்கும் ஓரப்பகுதியில் வையுங்கள்.