வாசகர் கேள்வி – பதில்: டி480-ஆ, 7480-ஆ?

கேள்வி: பி.காம். சேரும் மகளுக்கு ரீஃபர்பிஷ்டு லேப்டாப் பார்த்திருக்கிறோம். டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு இவ்வளவுதான் வேலை. கடையில் இரண்டு காட்டுகிறார்கள். லெனோவோ திங்க்பேட் டி480: ஐ5-8350யு, 1.7 கிகாஹெர்ட்ஸ், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விலை 20,500 ரூபாய். டெல் லாட்டிட்யூட் 7480: ஐ5-7300யு, 2.6 கிகாஹெர்ட்ஸ், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விலை 20,000 ரூபாய். எல்லாவற்றிலும் டெல்தானே கூடுதலாக இருக்கிறது?
– வாசகி, ஈரோடு

பதில்: டி480-ஐ எடுங்கள். 1.7, 2.6 என்பவை அடிப்படை வேகம். வேலை வந்தால் ஒன்று 3.6 வரையும் மற்றது 3.5 வரையும் ஏறும். வித்தியாசம் கோர்களில், அதாவது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் இருக்கிறது. 8350யு-வில் 4 கோர், 7300யு-வில் 2. வகுப்பு வீடியோ ஓடிக்கொண்டிருக்க, பின்னால் டேலியும் பத்துப் பன்னிரண்டு குரோம் டேப்களும் திறந்திருந்தால் 2 கோர் திணறிவிடும்.

அதைவிட முக்கியம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல் 8-ம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. 7300யு 7-ம் தலைமுறை. அப்படியும் 7480-ல் 11-ஐப் போட்டே கடைக்காரர் காட்டுவார்; மைக்ரோசாஃப்டின் சோதனையைத் தாண்டிப் போட வழி உண்டு. ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை. மூன்று வருடம் படிக்கப் போகிற பிள்ளைக்கு அந்தத் தலைவலி எதற்கு?

ராமும் எஸ்எஸ்டியும் பிறகு மாற்றக்கூடியவை. இந்த லேப்டாப்களில் பிராசஸரை மாற்ற முடியாது, அது போர்டோடு சேர்ந்தது. டி480-ல் ராம் செருக இரண்டு டிடிஆர்4 ஸ்லாட் உண்டு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி போய்ப் பாருங்கள்: 2-ல் 1 ஸ்லாட் பயன்பாட்டில் என்று இருந்தால் இன்னொரு 8 ஜிபி செருகினாலே 16 ஆகிவிடும். அந்த ராமின் இன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு பேரத்துக்கு உட்காருங்கள். கடைக்காரரே போட்டுத் தருவதாகச் சொன்னால் இன்னும் நல்லது. வீட்டில் போடுவதானால், வெளிப் பேட்டரியைக் கழற்றுவது மட்டும் போதாது. உள்ளேயும் ஒரு பேட்டரி இருக்கிறது. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) பவர் பகுதிக்குள் போய் அதை முடக்கிய பிறகே அடிமூடியைத் திறக்க வேண்டும்.

இனி டி480-ன் குறை. இடப்பக்கம் இரண்டு டைப்-சி போர்ட். சார்ஜ் ஏறுவது அவை வழியாகத்தான். அவற்றில் ஒன்று தண்டர்போல்ட் எனும் வேகமான வகை. அந்தத் தண்டர்போல்ட் போர்ட்டின் ஃபர்ம்வேரில் (அதை இயக்கும் உள் மென்பொருள்) இருந்த பிழையால் நாளடைவில் அந்தப் போர்ட் வேலை செய்யாமல் போகும். லெனோவோ திருத்தம் வெளியிட்டிருக்கிறது. கெடுவதற்கு முன் அதைப் போட்டிருக்க வேண்டும். எனவே சார்ஜரை இரண்டிலும் தனித்தனியாகச் செருகி, லேசாக அசைத்துப் பாருங்கள். ஒன்றில் ஏறவில்லை என்றாலும், அசைத்தால் விட்டுவிட்டு ஏறினாலும் அந்தப் பெட்டி வேண்டாம். போர்ட் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது, ரிப்பேர் செலவு பெரிது.

பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கை வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என இரண்டு எண். உள் பேட்டரிக்கு முதல் எண் ஏறத்தாழ 24,000 மில்லிவாட்-அவர். இரண்டாவது எண் 14,000-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது விலையில் குறையுங்கள். கடை வாரண்டியில் பெரும்பாலும் பேட்டரி சேராது. பில்லில் எழுதி வாங்கினால்தான் உண்டு.

கடைசியாக, விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையோடு இணைத்துத் தொடக்க அமைப்பை ஓட்டச் சொல்லுங்கள். இவை அநேகமாக கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்கள். ஏதாவது கம்பெனி பெயரோடு லாகின் கேட்டால், பழைய உரிமையாளர் இன்னும் விடுவிக்கவில்லை என்று பொருள். எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் அது திரும்ப வரும்.

கேள்வி: டெல் 7490-ம் அதே விலையில் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: ஐ5-8350யு, 16 ஜிபி என்றால் தாராளமாக. டி480-ஐவிட எடையும் குறைவு. ஆனால் வெளித்தோற்றத்தில் 7480-க்கும் 7490-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஸ்டிக்கரை நம்பாமல் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பார்த்து பிராசஸர் எண்ணை உறுதி செய்யுங்கள். ஐ5-க்குப் பின் வரும் முதல் இலக்கம் 8 ஆக இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு டி480-ல் திரை மங்கலாக, சாய்த்தால் நிறம் மாறுகிறது. பழசானதாலா?
– வாசகர், விருதுநகர்

பதில்: அது 1366×768 டிஎன் வகைத் திரை, புதிதாக இருந்தபோதும் அப்படித்தான். 1920×1080 ஐபிஎஸ் திரை (சாய்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை) உள்ள டி480-ஐக் கேளுங்கள், எக்செல்லில் கூடுதல் வரிசையும் தெரியும்.