கச்சேரி முடிந்ததும் ஏன் கை தட்டுகிறோம்?

கைதட்டல் என்பது ஒரு கூட்டமே சேர்ந்து “பிடித்திருந்தது” என்று சொல்லும் வழி. ஆயிரம் பேர் ஆளுக்கொரு வார்த்தை சொன்னால் மேடையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கையோசைக்கு மொழியும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

பழைய பழக்கம்தான். பண்டைய ரோமில் நகைச்சுவை நாடகம் முடிந்ததும் “கை தட்டுங்கள்” என்று மேடையிலிருந்தே கேட்டுவிடுவார்கள். நீரோ மன்னன் தான் பாடும்போது தட்டுவதற்கென்றே 5,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்திருந்தான். தேனீ, ஓடு, செங்கல் என்று தட்டும் வகைகளுக்குப் பெயர்கூட உண்டு. (பாட்டு எப்படி இருந்ததோ!)

சரி, எப்படிப் பரவுகிறது? காய்ந்த எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி. முதலில் ஒன்று வெடிக்கும், பிறகு சடசடவென்று எல்லாம், அப்புறம் ஒவ்வொன்றாக ஓயும். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடியும் இடத்தைக் கவனியுங்கள்: தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த முன்வரிசை மாமா கையைத் தூக்கித் தட்டிய பிறகே பின்வரிசைக்குத் துணிச்சல் வரும்.

நீண்ட கைதட்டல் என்றால் நிகழ்ச்சி பிரமாதம் என்று நினைக்க வேண்டாம். 2013இல் வெளியான ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வில், உரையின் தரத்தைவிட அறையில் எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தே தட்டுவதும் நிறுத்துவதும் அமைந்தன.