நிறங்களுக்கும் இசையில் சுரங்கள் இசைவதற்கும் தொடர்பு உண்டா?

கொஞ்சம் உண்டு, பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை.

இசைவு என்பது, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள் காதுக்கு இதமாகப் பொருந்துவது. ச-வும் ப-வும் பொருந்தக் காரணம், அவற்றின் அதிர்வுகள் 2:3 என்ற எளிய விகிதத்தில் இருப்பது. இதே கணக்கு ஒளியிலும் இருக்கும் என்று நம்பினார் நியூட்டன். முதலில் ஐந்து நிறங்களைச் சொன்னவர், ஏழு சுரங்களுக்கு ஈடாக ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார். பள்ளியில் நாம் ஒப்பித்த வானவில்லின் ஏழு நிறங்கள் இப்படி வந்தவைதான்!

சரி, எங்கே உதைக்கிறது? கண்ணில்தான். அதிர்வு இரட்டிப்பாகும் இடைவெளி ஒரு ஸ்தாயி; காது சுமார் பத்து ஸ்தாயி கேட்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஒரு ஸ்தாயிகூட முழுசாக இல்லை. அதைவிட முக்கியம், ச, ப இரண்டையும் சேர்த்து வாசித்தாலும் காது இரண்டையும் தனியாகப் பிடித்துவிடும். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் ஒரே இடத்தில் அடித்தால் கண்ணுக்கு மஞ்சள் மட்டுமே தெரியும். பாலும் டிகாக்‌ஷனும் கலந்து காபி ஆன மாதிரி, பிரிக்க முடியாது. நிறம் உணரும் செல்கள் கண்ணில் மூன்றே வகை என்பதால் இப்படி.

ஒவ்வொரு சுரத்துக்கும் நிலையான நிறம் உண்டு என்பதும் தவறு: சி மேஜர் என்ற மேற்கத்திய சுர வரிசை, ரஷ்ய இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு வெள்ளை, ஸ்க்ரியாபினுக்குச் சிவப்பு.