நான்கு சாப்பாடு வேண்டாம், பெருங்காய டப்பாவைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதக் கூட்டத்துக்கு வரும் 40 பேருக்கு மதிய உணவு ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. தலைக்கு 120 ரூபாய்தான் அனுமதி. சைவர்கள், அசைவம் கேட்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் தவிர, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் ஒருவரும், சீலியாக் நோயால் கோதுமையே தொடக்கூடாதவர் ஒருவரும் இருக்கிறார்கள். நான்கு வகைச் சாப்பாடு வேண்டும், தலைக்கு 190 ரூபாய் ஆகும் என்கிறார் ஏற்பாட்டாளர். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த ஏற்பாட்டாளரிடம் ஒன்று கேளுங்கள்: ‘உங்கள் அடுப்பு எங்கே இருக்கிறது?’ பெரும்பாலும் பதில் வராது. அவரிடம் இருப்பது கைபேசியும் ரசீதுப் புத்தகமும்தான். மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ யாரோ சமைப்பதை வாங்கி உங்களிடம் விற்கிறார். 40 பேருக்குக் கூடுதலாகக் கேட்கும் 2,800 ரூபாயில் கரண்டி பிடித்தவருக்கு எவ்வளவு போகும் என்று நினைக்கிறீர்கள்?

‘மூன்று கொட்டேஷன் வாங்கினோமே’ என்பீர்கள். நான் பார்த்த ஓர் அலுவலகக் கோப்பில், மூன்று வெவ்வேறு பெயர்களில் வந்த கொட்டேஷன்களிலும் சாம்பாரை ‘சாம்ப்பார்’ என்றே எழுதியிருந்தார்கள். விதி நிறைவேறிவிட்டது, கையெழுத்தும் விழுந்துவிட்டது!

நேரடியாகச் சமைப்பவரிடம் போங்கள். சிறிய மெஸ், மகளிர் சுய உதவிக் குழு, யாராக இருந்தாலும் சரி. உணவுப் பாதுகாப்புத் துறை தரும் சான்றிதழின் 14 இலக்க எண்ணைக் கேளுங்கள். அந்தச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ரசீதில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒரு சாப்பாட்டைச் சொல்லுங்கள், வேண்டியவர்களுக்கு மட்டும் மேலே ஒன்று சேருங்கள். சாம்பார் சாதம், தயிர் சாதம், இரண்டு பொரியல், கொண்டைக்கடலைச் சுண்டல். அசைவத்துக்கு முட்டை அல்லது மீன் வறுவல், தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் முட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. சாதத்தைக் குறைத்துப் பொரியலையும் சுண்டலையும் கூட்டிப் போட்டால் போதும். ஆனால் மேலாளர் பேச்சை முடிக்கவில்லை என்பதற்காக, மருந்து எடுத்துக்கொண்டவர்களை இரண்டரை மணி வரை பட்டினி போடாதீர்கள்.

வேர்க்கடலை என்றால் நம் பக்கத்துச் சமையல்காரருக்குச் சில சமயம் புரியாது, மல்லாட்டை என்றே சொல்லுங்கள். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் அன்று வேண்டாம். ‘பொறுக்கி எடுத்துவிடுகிறேன்’ என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் கடலையின் புரதம் மிஞ்சியிருக்கும். அன்றைய தாளிப்பு நல்லெண்ணெயில் இருக்கட்டும்.

இனி கோதுமை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இருபது வருடப் பழக்கமுள்ள சமையல்காரரும் இங்கேதான் தவறுகிறார். ‘சோறும் சாம்பாரும்தானே, இதில் கோதுமை எங்கே வந்தது?’ என்பார். பெருங்காயத்தில் வந்தது. கடையில் கிடைக்கும் பெருங்காயம், கட்டியோ தூளோ, பெரும்பாலும் மாவு கலந்துதான் வரும். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா. ஒரு சிட்டிகைதானே என்று சீலியாக் நோயாளி விட்டுவிட முடியாது, சிறிய அளவே குடலைப் புண்ணாக்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் சேர்மானங்களை நீங்களே படியுங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் இருக்கிறது. கிடைக்காவிட்டால் அன்று பெருங்காயமே இல்லாமல் சாம்பார் வைக்கச் சொல்லுங்கள், சீரகமும் பூண்டும் சமாளித்துக்கொள்ளும். தயிர் சாதத் தாளிப்பிலும் பெருங்காயம் விழும், அதை மறக்காதீர்கள். வாங்கிய சாம்பார்ப் பொடி என்றால் அதன் பொட்டலத்தையும் படியுங்கள். பூரி சுட்ட எண்ணெயில் இவருக்கு அப்பளம் பொரிக்கக் கூடாது. மற்றவர்கள் கரண்டி வைப்பதற்கு முன் இவருக்கு எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.

சாப்பாடு கொதிக்கக் கொதிக்க 12.30க்கு வந்தால் போதும். காலை பத்து மணிக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆள் கணக்கை முந்தைய நாள் மாலை உறுதி செய்யுங்கள். அழைத்தது 40, வந்தது 31 என்றாலும் ரசீதில் 44 எழுதுவது நம் ஏற்பாட்டாளர்களின் பழைய வித்தை.

கடைசியாகப் பணம். ‘உத்யம்’ என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தொகையைத் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். மூன்று மாதம் இழுத்தடிக்கும் அலுவலகத்துக்கு எந்தச் சமையல்கார அம்மாவும் 120 ரூபாய்க்குப் போட மாட்டார். அந்தக் காத்திருப்பைத் தாங்குகிறவர் ஏற்பாட்டாளர் ஒருவர்தான், அதற்கும் சேர்த்துத்தான் 190 கேட்கிறார். எனவே 4,800 ரூபாயில் பாதியை முதல் நாளே கொடுக்க உங்கள் கணக்குப் பிரிவு சம்மதிக்குமா என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகு சமைப்பவரிடம் பேசப் போங்கள்.