பைக்கில் காலையில் மட்டும் வரும் நீலப் புகைக்குப் போர் போட வேண்டுமா?

கேள்வி: 2006-ஆம் ஆண்டில் பதிவான என் தந்தையின் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டியை இப்போது நான் ஓட்டி வருகிறேன். காலையில் முதல் முறை கிளப்பும்போது அரை நிமிடம் நீலப் புகை வந்து, பிறகு நின்றுவிடுகிறது. ஆயிலும் கொஞ்சம் குறைகிறது. மெக்கானிக் எதையும் கழற்றிப் பார்க்காமலே, "போர், பிஸ்டன் போய்விட்டது, 9,000 ரூபாய் ஆகும்" என்கிறார். பதிவுச் சான்றின் காலமும் முடியப் போகிறது. புகை வந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைக்காது என்று சொல்லி, அவரே ஒரு புரோக்கரையும் அறிமுகப்படுத்தினார். வீட்டிலேயே நான் எதையாவது சோதித்துப் பார்க்க முடியுமா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் அந்த 9,000 ரூபாயை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறி, போர் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்துளை) தேய்ந்த வண்டியின் அறிகுறியாகத் தெரியவில்லை. போரும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் தேய்ந்த என்ஜின் காலையில் மட்டும் புகைத்துவிட்டு நாள் முழுவதும் சும்மா இருப்பதில்லை. சூடேறிய பிறகும், மேடு ஏறும்போதும், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் அது புகையைக் கக்கிக்கொண்டேதான் இருக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் அரை நிமிடம் புகைத்துவிட்டு ஓய்ந்தால், பெரும்பாலும் குற்றவாளி வால்வ் ஆயில் சீல்தான். வால்வின் தண்டைச் சுற்றி இருக்கும் சிறிய ரப்பர் வளையம் அது. இருபது ஆண்டு வெப்பத்தில் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும். சிலிண்டரின் மூடியான ஹெட்டில் தங்கியிருக்கும் எண்ணெய் இரவில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, காலையில் முதல் எரிப்பில் நீலப் புகையாக வெளியே வருகிறது. அந்த வளையத்தின் விலை மிகச் சொற்பம். ஹெட்டைக் கழற்றி மாட்டும் கூலியும் கேஸ்கெட்டும்தான் செலவு.

ஆனாலும் என் சொல்லை அப்படியே நம்பிவிடாமல், நீங்களே மூன்று நாள் பார்த்துவிடுங்கள். முதல் நாள் காலையில் வண்டியை வீட்டுக்குள்ளோ மூடிய ஷெட்டிலோ கிளப்பாமல், திறந்த வெளியில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்திக் கிளப்புங்கள். வெளிவரும் காற்றில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாத நஞ்சு. சைலன்சரின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்றைப் பிடியுங்கள். துணியில் ஈரம் மட்டும் பட்டு, காய்ந்ததும் கறையில்லாமல் போனால் அது நீராவி. மார்கழிக் காலையில் புது வண்டியிலும் வரும். விரலில் வழவழப்பாக ஒட்டும் பழுப்புப் புள்ளிகள் விழுந்தால்தான் அது ஆயில்.

இரண்டாவது சோதனைக்கு உங்கள் ஊரே வசதி செய்து வைத்திருக்கிறது. சிறுமலைக்குப் போகும் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போது, கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு இறங்குங்கள்; அடிவாரத்தில் சமதளம் வந்ததும் முறுக்குங்கள். பின்னால் வேறொரு வண்டியில் வரும் நண்பர் அந்த நொடியில் சைலன்சரைப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மூடி இறங்கும்போது என்ஜினுக்குள் உறிஞ்சும் விசை கூடுவதால், பழுதான சீல் வழியாக எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். முறுக்கியவுடன் ஒரே ஒரு முறை குப்பென்று புகை வந்து மறையும். அதுவே மலை ஏறும்போது, என்ஜின் பளுவில் இருக்கும்போது, விடாமல் நீலப் புகை வந்தால் ரிங், போர் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

மூன்றாவதாக, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி உலர்ந்து பவுடர்போல் இருந்தால் அது பெட்ரோல் கூடுதலாக எரிவது; ஏர் ஃபில்ட்டரும் சோக்கும் பார்க்க வேண்டிய வேறு கதை. கருப்பாக, ஈரமாக, எண்ணெய் பூசியதுபோல் இருந்தால் ஆயில் எரிகிறது. பிளக்கைத் திரும்ப மாட்டும்போது கடைசி வரை கையால் திருகி, அதன் பிறகே ஸ்பேனரை வையுங்கள். ஹெட் அலுமினியம், மரை போய்விட்டால் சீலுக்கு ஆகும் செலவைவிட அதற்கு ஆகும் செலவு அதிகம்.

ஒன்றைத் தவறவிடக் கூடாது. ஆயில் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டிருந்தாலும் இதே நீலப் புகை வரும். நான் பட்டறை நடத்திய காலத்தில் போர் போட வேண்டும் என்று அனுப்பப்பட்ட ஒரு வண்டியில், மூடியோடு சேர்ந்திருக்கும் அளவுகோலை உருவியதும் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை எண்ணெய் நின்றது. பழைய ஆயில் முழுவதும் வடியும்வரை காத்திருக்காமல், அவசரத்தில் புதிய பாட்டிலைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்திருக்கிறார்கள். கூடுதலான எண்ணெய் சுழலும் பாகங்களில் அடிபட்டு நுரைத்து, மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்ட்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கார்புரேட்டர் வழியே என்ஜினுக்குள் எரியப் போனது. கூடுதலை வடித்து ஃபில்ட்டர் பெட்டியைத் துடைத்ததோடு அந்த வண்டியின் நோய் தீர்ந்தது. எனவே வண்டியைச் சமதளத்தில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, எண்ணெய் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அளவுகோலைத் துடைத்து உள்ளே விடுங்கள். மரையில் திருகாமல் சும்மா விட்டு எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும், குறைவான ஆயிலோடு வண்டியை ஓட்டிவிடுவீர்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்த அளவு எந்தக் கணக்கிலும் சேராது.

அளவு சரியாக இருந்தால் அன்றைய கிலோமீட்டரைக் குறித்துவைத்து, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதே கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று மருந்துக் குப்பியின் அளவு மூடியால் அளந்து எழுதுங்கள். இருபது வயது வண்டிக்கு 50 மில்லிக்குள் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். 200 மில்லியைத் தாண்டினால் என்ஜினைத் திறக்கத்தான் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புகையை மறைக்கக் கெட்டியான ஆயிலோ, "புகை நிற்கும் மருந்து" என்று விற்கப்படும் குப்பிகளோ யாராவது ஊற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய வண்டியை விற்கும் தரகர்கள் வாங்க வருபவரின் கண்ணிலிருந்து புகையை ஒரு வாரம் மறைப்பதற்குச் செய்யும் வேலை அது. அதேபோல, கார் ஆயில் மீதமிருக்கிறது என்று ஊற்றவும் விடாதீர்கள். இந்த வண்டியில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருளால் கிளட்ச் நழுவும். பாட்டிலில், ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் "ஜாசோ எம்.ஏ." (JASO MA) என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து, சீல் உடையாத பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

ஹெட்டைத் திறக்கும் நாளில் நீங்கள் பட்டறையில் இருங்கள், விடுமுறை எடுத்தாவது இருங்கள். சிலிண்டரின் உட்சுவரைப் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் அந்த போரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. சீலை மட்டும் மாற்றி மூடலாம். சுவர் கண்ணாடிபோல் வழுவழுத்து, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தில் தட்டுப்படும் ஒரு சிறு படிக்கட்டு விழுந்திருந்தால், லேத் பட்டறையில் போர் கேஜ் என்ற அளவுக் கருவியை வைத்து மேலே, நடுவே, கீழே அளந்து சொல்லச் சொல்லுங்கள். இந்த என்ஜினின் போர் 50 மில்லிமீட்டர். அறுத்த போருக்கான ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50 மில்லிமீட்டர் கூடுதல் என்று படிப்படியாக வருகின்றன. முதல் முறையே 0.50-க்குத் தாண்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அவர்களுக்கு வேலை சுலபம், உங்கள் சிலிண்டருக்கோ ஒரு முறைக்கான ஆயுள் போய்விடும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத்தில் கொடுத்து, அதன் அளவுக்கே போரை அறுக்கச் சொல்ல வேண்டும். பிஸ்டனின் தலையில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். மாட்டுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கி வாருங்கள். ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு முழு போர் வேலைக்குப் பணம் வாங்கிய கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எஃப்.சி. பற்றி. 15 ஆண்டுகளுக்குப் பிறகு பதிவுச் சான்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. உங்கள் வண்டிக்கு இது இரண்டாவது முறையாக இருக்கும். படிவம் 25-இல், காலம் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் நீங்களே விண்ணப்பிக்கலாம். இணையத்தில் கட்டணம் கட்டி, காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி கட்டிய ரசீது ஆகியவற்றோடு வண்டியை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் புரோக்கர் எதற்கு? அலுவலக வாசலில் ஒரு சாமானியன் படிவத்தோடு நின்றால் மூன்று முறை திருப்பி அனுப்புவதும், அதே தாள் புரோக்கரின் கையில் போனால் அன்றே நகர்வதும் எத்தனை ஆண்டாக நடக்கிறது? சைலன்சருக்குள் குழாயையே செருகாமல், வண்டி எண்ணை மட்டும் படம் பிடித்துப் புகைச் சான்று கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. குழாயைச் செருகி அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண்கள் உங்களுக்கும் தேவை. ஆய்வாளர் குறை சொன்னால் சரிசெய்து திரும்பக் காட்டலாம், வண்டியை ஒருவரும் பறித்துவிட மாட்டார்கள். பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வண்டியை வாங்குவதற்கே புரோக்கர்கள் அந்தப் பேச்சைப் பேசுகிறார்கள்.

ஆகையால் வேலையை முதலில் முடித்து, விண்ணப்பத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். சீல் மாற்றிய பிறகும் சில நாட்களுக்குப் புகை வரும். சைலன்சருக்குள் ஏற்கெனவே படிந்திருக்கும் எண்ணெய் எரிந்து தீர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வேலை தோற்றுவிட்டது என்று மறுபடியும் ஹெட்டைத் திறக்க விடாதீர்கள். நன்றாகச் சூடேறும்படி நீண்ட தூரம் இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டு, அதே வெள்ளைத் துணியை மறுபடி பிடித்துப் பாருங்கள்.