ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் கடைக்குள் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. நமக்கு முன்பே 2018-இல் கேரளா இதைச் செய்துவிட்டது. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலன் அது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நினைத்தபோதெல்லாம் உட்காரலாம் என்று சட்டம் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம், அவ்வளவுதான். எத்தனை நிமிடம் என்ற கணக்கும் கிடையாது. முதலாளிகளுக்கு வசதியான ஓட்டை இது என்பது என் கருத்து. பெயருக்கு இரண்டு ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் சூப்பர்வைசரை விட்டு முறைக்கச் சொன்னால் என்ன செய்வது? நாள் முழுக்க நிற்பதால் வரும் கால் வீக்கமும், நரம்பு சுருட்டிக்கொள்வதும், இடுப்புவலியும் குறைய வேண்டும் என்றுதானே சட்டமே வந்தது! கர்ப்பமாக இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம்.

சரி, இருக்கையே இல்லை என்றால்? உங்கள் பகுதி தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பேராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது.