ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் பலமும் பாதியா?

கேள்வி: ஸ்பிரிங்கை இழுத்தால் நீளும் என்பது குழந்தைக்கும் தெரியும். இதைச் சொன்னதற்கு ஹூக் என்பவர் பெயரில் ஒரு விதி, அதற்கு ஒரு பாடம், பரீட்சையில் மதிப்பெண் வேறு. அதுவும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாதாம்! ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் பலம் பாதியாகிவிடும் என்பதுபோல இதுவும் வெறும் பொது அறிவுதானே?

பதில்: பொது அறிவு என்று சொல்லிக்கொண்டே அதைத் தப்பாகவும் சொல்லிவிட்டீர்கள். பாதியாக வெட்டிய ஸ்பிரிங் முன்பைவிட இரண்டு மடங்கு விறைப்பாகும். 20 சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒரு கிலோவைத் தொங்கவிட, அது 20 மி.மீ. நீண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையைச் சுற்றுகள் பங்கு போட்டுக்கொள்வதில்லை, ஒவ்வொரு சுற்றும் முழு ஒரு கிலோவைத் தாங்குகிறது, அதனால் சுற்றுக்கு ஒரு மி.மீ. 10 சுற்றாக வெட்டினால் அதே கிலோவுக்கு 10 மி.மீ.தான் நீளும், பழையபடி 20 மி.மீ. வேண்டுமென்றால் இரண்டு கிலோ மாட்ட வேண்டும். விறைப்புதான் கூடும், கெட்டுப்போகாமல் எவ்வளவு எடை தாங்கும் என்பது மாறாது, ஏனென்றால் கம்பி அதே கம்பிதானே.

சரி, விதிக்கு வருவோம். இழுத்தால் நீளும் என்று சொல்ல ஹூக் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். அவர் சொன்னது எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்பது: விசை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்கு, மூன்றுக்கு மூன்று. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, போகப்போகக் குறைவாக நீண்டிருக்கலாம், திடீரென்று அதிகமாகவும் நீண்டிருக்கலாம். அப்படி இல்லாததால்தான் ஸ்பிரிங் தராசில் கோடுகளைச் சம இடைவெளியில் போட முடிகிறது. இன்னொரு பெரிய லாபம், இந்த விதிப்படி நடக்கும் ஸ்பிரிங்கில் ஆடும் சக்கரம் பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் ஒரு ஆட்டத்துக்கு அதே நேரம்தான் எடுக்கும். சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஓடுவதே இந்தக் குணத்தை நம்பித்தான். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1675ல் ஸ்பிரிங் கடிகாரத்தை அறிவித்தபோது, அது முதலில் என் யோசனை என்று ஹூக் சண்டைக்குப் போனார். அடுத்த வருடமே தன் விதியை லத்தீனில் எழுதி, அதன் 14 எழுத்துகளையும் கலைத்து அகரவரிசையில் அடுக்கி அச்சில் விட்டார். யாருக்கும் புரியவும் கூடாது, நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால் நான்தான் முதலில் என்று காட்டவும் வேண்டும்! 1678ல்தான் விடுகதையை அவிழ்த்தார்: நீட்சி எப்படியோ, விசையும் அப்படி. குழந்தைக்கும் தெரிந்த சங்கதியை யாராவது இவ்வளவு பாடுபட்டு ஒளித்துவைப்பார்களா?

ஸ்பிரிங் நீளும்போது கம்பி எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மி.மீ. குறுக்குப் பரப்பும் உள்ள எஃகுக் கம்பியை நேராகத் தொங்கவிட்டு ஒரு கிலோ மாட்டினால், மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் நீளும், கண்ணுக்கே தெரியாது. அதே கம்பியை ஒரு செ.மீ. விட்டத்தில் ஸ்பிரிங்காகச் சுற்றி அதே கிலோவை மாட்டுங்கள், சுமார் இரண்டு செ.மீ. இறங்கும். கம்பி அப்போதும் நீளவில்லை, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கம்பியின் தடிமனுக்கு இத்தனை மவுசு. தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 16 மடங்கு ஏறும், சுற்றின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒரு பங்காக இறங்கிவிடும்.

ஆய்வகத்தில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கும் இழுவை ஸ்பிரிங்கில் முதல் சில எடைகளுக்கு ஒன்றுமே நடக்காது. சுற்றும்போதே ஏற்றிவைத்த இறுக்கத்தைத் தாண்டிய பிறகுதான் வாய் திறக்கும். வரைபடத்தில் கோடு பூஜ்யத்தில் ஆரம்பிக்கவில்லையே என்று அளவைத் திருத்தி எழுதிவிடாதீர்கள்.

எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்ற உங்கள் குற்றச்சாட்டு பாதி சரி. அணுக்களைக் கொஞ்சமாக நகர்த்தும் வரைதான் விதி. பால்பாயின்ட் பேனாவின் குட்டி ஸ்பிரிங்கை விரலால் பலமாக இழுத்துவிட்டுப் பாருங்கள், பழைய நீளத்துக்கு வராது, உள்ளே அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் புது இடத்தில் உட்கார்ந்துவிட்டன. அதற்குப் பெயர் மீட்சி எல்லையைத் தாண்டுவது. ரப்பர் கதை வேறு. சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள் நிமிர்வதால்தான் அது நீள்கிறது, நன்றாக இழுத்தால் இந்த நேர்கோட்டுக் கணக்குக்குள் நிற்காது. எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் சுருங்கி எடையை மேலே தூக்கவே செய்யும். அதற்குக் காரணம் வேண்டுமென்றால் தனிக் கேள்வியாக அனுப்புங்கள்.